உடற்பயிற்சிக்குப் பின் முதுகு வலி: தசை அயர்ச்சி எது, தசைக் கிழிவு எது?

புதிதாக ஜிம்மில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கக் குனிய முடியாமல் நின்றால், சுற்றியிருக்கும் எல்லாரிடமும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். பயிற்சியாளர் ‘லாக்டிக் ஆசிட் சேர்ந்திருக்கு, ரெண்டு நாள்ல கரைஞ்சிடும்’ என்பார். வீட்டில் மூத்தவர்கள் வாயுப் பிடிப்பு என்று பூண்டு உரிக்க உட்காருவார்கள். அலுவலக நண்பர் தன் மைத்துனருக்கு டிஸ்க் விலகிய கதையை ஆரம்பிப்பார். இன்னொருவர், வலித்தால்தான் சதை ஏறும், நல்ல அறிகுறிதான் என்று வாழ்த்தே சொல்லிவிடுவார். நான்கு விளக்கங்களில் எதுவும் முழுதாகச் சரியில்லை. லாக்டிக் ஆசிட் விஷயம் முழுதாகவே தவறு.

உடற்பயிற்சியால் முதுகுத் தசைக்கு நேர்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பழக்கமில்லாத வேலையைச் செய்த தசை, ஒரு நாள் கழித்து நோவது முதல் வகை. தசையின் நார்கள் வேலையின் நடுவே, அந்த நொடியிலேயே கிழிவது இரண்டாவது வகை. இரண்டையும் ‘பிடிப்பு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வலியின் கடுமையை வைத்து இவற்றைப் பிரித்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள், அது முடியாது. சாதாரண அயர்ச்சி வலி, சிறு கிழிவைவிட மோசமாக வலிப்பது சகஜம். பிரித்துப் பார்க்க உதவும் முதல் கேள்வி ‘எவ்வளவு வலிக்கிறது’ என்பதைவிட ‘எப்போது ஆரம்பித்தது’ என்பதுதான். ஏன் என்று புரிய, தசைக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

முதுகில் இரண்டு அடுக்கு

முதுகுத் தசைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மேலடுக்கில் இருப்பவை முதுகில் படர்ந்திருந்தாலும் வேலை செய்வது தோளுக்கும் கைக்கும்தான். கழுத்திலிருந்து நடுமுதுகு வரை விரியும் டிரப்பீசியஸ் ஒன்று. அக்குளுக்குப் பின்னிருந்து இடுப்பு வரை இறங்கும் லாட்டிசிமஸ் இன்னொன்று. ஜிம் பேச்சில் இது ‘லாட்ஸ்’. புல்-அப், லாட் புல்டவுன், ரோயிங் போன்ற இழுக்கும் பயிற்சிகளைச் செய்த மறுநாள் வலிப்பது இவைதான். சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினால் அக்குளுக்குப் பின்னே சுரீரென்று இழுக்கும்.

கீழடுக்கில், முதுகெலும்பின் இரு பக்கமும் நெடுக ஓடுகிறது எரெக்டர் ஸ்பைனே என்ற தசைத்தொகுதி. முதுகை நிமிர்த்தி வைப்பது இதன் வேலை. இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்புப் பள்ளத்துக்கு இருபுறமும் விரலால் அழுத்திப் பார்த்தால் திரண்டு தெரிவது இதுதான். அதற்கும் அடியில், ஒரு முள்ளெலும்பை அடுத்தடுத்தவற்றோடு பிணைக்கும் மல்டிஃபிடஸ் என்ற சிறு தசைகள் உள்ளன. டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் பளுக் கம்பியைக் குனிந்து தூக்கி நிமிர்வது), ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), கெட்டில்பெல் ஸ்விங் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை வீசி ஆட்டுவது), வேகமாகச் செய்யும் சூரிய நமஸ்காரம் இவற்றுக்கெல்லாம் பிறகு ‘குறுக்கு’ பிடித்துக்கொள்கிறது என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்தக் கீழடுக்கைத்தான் சொல்கிறோம்.

நிற்கும்போதும் நடக்கும்போதும் இந்தக் கீழடுக்குத் தசைகள் அதிகம் நீள்வதோ சுருங்குவதோ இல்லை. உடம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. குனியும்போதுதான் அவற்றின் வேலை மாறுகிறது. தலையும் நெஞ்சும் தடாலென்று முன்னால் சரிந்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொடுத்தபடியே அவை பாரத்தைக் கீழே இறக்குகின்றன. இப்படி ‘நீண்டுகொண்டே தாங்குவது’தான் இந்தக் கட்டுரையின் மையப் பாத்திரம்.

கயிறு இழுக்கும் போட்டியில் கை எப்போது உரியும்?

பொங்கல் விளையாட்டு விழாவில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியில் ஓர் அணி மூன்று நிலைகளில் இருக்கலாம். கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கலாம். இரு அணியும் சமபலத்தில் இருந்து, கயிறு அசையாமல் நிற்கலாம். அல்லது தோற்றுக்கொண்டிருக்கலாம், ஆனாலும் கயிற்றை விடாமல் இறுகப் பிடித்திருக்கலாம். இந்த மூன்றாவது நிலையில் கயிறு உள்ளங்கையை உரசிக்கொண்டு போகும். தோல் உரிவது பெரும்பாலும் அப்போதுதான்.

தசைக்குள்ளும் ஒரு கயிறும் அதைப் பற்றி இழுக்கும் கைகளும் உண்டு. தசைநார் ஒவ்வொன்றிலும் சார்கோமியர் என்ற நுண் அலகுகள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. ஓர் அலகின் நீளம் சுமார் 2.5 மைக்ரோமீட்டர், ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ 400 அலகுகள் அடங்கிவிடும். அலகுக்குள் ஆக்டின் என்ற புரத இழைதான் கயிறு. மயோசின் என்ற தடித்த இழையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தலைகள்தான் கைகள். அவை ஆக்டினைப் பற்றி, இழுத்து, விட்டு, மறுபடி பற்றுகின்றன. லட்சக்கணக்கான அலகுகளில் இது ஒரே சமயத்தில் நடக்கும்போது தசை சுருங்குகிறது.

பளுவைத் தூக்கும்போது தசை சுருங்கியபடி வேலை செய்கிறது: வெல்லும் அணி. பளுவை அசையாமல் பிடித்திருப்பது சமநிலை. பளுவை மெதுவாக இறக்கும்போது தசை இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் பளு அதை நீட்டிவிடுகிறது: தோற்றுக்கொண்டே கயிற்றை விடாத அணி. இந்த மூன்றாவது நிலைக்கு எக்ஸென்ட்ரிக் இயக்கம் என்று பெயர். ஜிம்மில் ‘நெகட்டிவ்’ என்பார்கள்.

இதில் ஒரு விநோதமும் உண்டு. ஒரே பளுவைத் தூக்குவதைவிட இறக்குவதற்கு மூளை குறைவான தசைநார்களையே வேலைக்கு அழைக்கிறது. களத்தில் ஆள் குறைவு, இழுவை அதே அளவு. ஒவ்வொரு நாரின் மேலும் விழும் பாரம் கூடுகிறது. வரிசையில் பலவீனமாக இருக்கும் சார்கோமியர்கள் அளவுக்கு மீறி நீண்டு, அவற்றின் எல்லைக் கோடுகள் குலைகின்றன.

இது வெறும் ஊகமாகத்தான் வெகுகாலம் இருந்தது. 1902இல் அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹாஃப், பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்து வரும் வலிக்கு தசைக்குள் ஏற்படும் சிறு கிழிசல்களே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். அதைக் கண்ணால் பார்க்க 1980களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்வீடன் ஆய்வாளர்கள், படிக்கட்டில் திரும்பத் திரும்ப ஓடி இறங்கியவர்களின் கெண்டைக்கால் தசையிலிருந்து துணுக்கு எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நேராக இருக்க வேண்டிய எல்லைக் கோடுகள் ஆங்காங்கே கலைந்து கிடந்தன.

இதுவரை சொன்னதில் நினைவில் வைக்க வேண்டியது: தசையை அதிகம் நோகவைப்பது தூக்குவதைவிட இறக்குவதே. டெட்லிஃப்டில் கம்பியைத் தரைக்கு மெதுவாகக் கொண்டுபோகும்போதும், கெட்டில்பெல் கால்களுக்கு இடையே பின்னால் போகும்போதும், சூரிய நமஸ்காரத்தில் முன்னால் குனியும்போதும் முதுகின் கீழடுக்கு இந்த ‘இறக்கும்’ வேலையைத்தான் செய்கிறது.

வலி ஏன் ஒரு நாள் தாமதிக்கிறது?

நுண்ணிய சேதம் பயிற்சியின்போதே நடந்துவிடுகிறது. வலி அப்போது வருவதில்லை. காரணம், தசைநாருக்குள் இருக்கும் இழைகள் கலைவதைத் தெரிவிக்க அங்கே வலி நரம்பு கிடையாது. நரம்பு முனைகள் நார்களுக்கு வெளியே, அவற்றைச் சுற்றியிருக்கும் இணைப்புத் திசுவில் இருக்கின்றன. உள்ளே நடந்தது வெளியே தெரியச் சில படிகள் தாண்ட வேண்டும்.

சேதமான இடத்தில் கால்சியம் கசிந்து, பழுதான புரதங்களை உடைக்கும் நொதிகள் விழிக்கின்றன. நீர் கோத்து லேசாக வீங்குகிறது. நோயெதிர்ப்பு செல்கள் துப்புரவுக்கு வந்து சேருகின்றன. பிராடிகைனின், நரம்பு வளர்ச்சிக் காரணி போன்ற வேதிப்பொருட்களைத் தசை வெளியிடுகிறது. இவை நரம்பு முனைகளின் உணர்திறனைக் கூட்டிவிடுகின்றன. அதன் பிறகு, நேற்று வரை வலியாகத் தெரியாத சாதாரண அழுத்தமும் நீட்சியும் வலியாகப் பதிவாகின்றன. இத்தனையும் நடக்க நேரம் பிடிக்கிறது. அதனால்தான் 12 முதல் 24 மணி நேரத்தில் லேசாகத் தொடங்கி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், ஐந்து முதல் ஏழு நாட்களில் தானே அடங்குகிறது. இதற்குப் பெயர் தாமதத் தசைவலி. ஜிம் வட்டாரத்தில் ‘டாம்ஸ்’.

இதன் குணத்தையும் இதிலிருந்தே ஊகிக்கலாம். நரம்பு முனைகள் அழுத்தத்துக்கும் நீட்சிக்கும்தான் கூச்சப்படுகின்றன என்பதால், சும்மா உட்கார்ந்திருந்தால் வலி அதிகம் தெரியாது. எழுந்தால், குனிந்தால், தொட்டால் வலிக்கும். கொஞ்ச நேரம் நடமாடியதும் சற்றுத் தளரும். வேலை செய்தது இரு பக்கமும் என்பதால் வலியும் பெரும்பாலும் இரு பக்கமும், ஒரு பரப்பு முழுக்க, இருக்கும். ‘இங்கேதான்’ என்று ஒற்றை விரலால் காட்ட முடியாது.

வலி மிகுந்தால் சேதமும் மிகுந்தது என்றோ, சதை நன்றாக வளரப்போகிறது என்றோ கணக்குப் போடக் கூடாது. வலியின் அளவும் தசைச் சேதத்தின் அளவும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதே இல்லை. வலியே இல்லாமலும் தசை வளரும். வாழ்த்துச் சொன்ன நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்.

ஒரே வேலையை இரண்டாம் முறை செய்யும்போது வலி வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு முறை நொந்த தசை, அடுத்த முறைக்குத் தன்னைத் தயார்செய்துகொள்கிறது. இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கிலும் நீடிக்கும். நடவுக் காலத்தில் முதல் இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பேறுபவர்கள், அடுத்த வாரம் அதே வேலையைப் பாட்டும் பேச்சுமாகச் செய்வதில் இதற்கும் பங்கு உண்டு. ஜிம்முக்கு மூன்று மாதம் லீவு விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடங்குபவர் முதல் நாளே படுத்துவிடுவதற்கும் இதுதான் காரணம்: பாதுகாப்பு தேய்ந்துவிட்டது, ஆனால் எத்தனை கிலோ தூக்கினோம் என்ற நினைவு மட்டும் தேயவில்லை.

லாக்டிக் ஆசிட் மேல் போட்ட பழி

கடுமையாக வேலை செய்யும் தசையில் லாக்டேட் கூடும் என்பது உண்மை. ஆனால் பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் அது இரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். அதை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. நேற்று மாலையே காலியாகிவிட்ட ஒன்று, நாளை மறுநாள் எப்படி வலி தரும்?

1983இல் அமெரிக்காவில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். ஓட்டப் பொறியில் சிலரைச் சமதளத்திலும் இறக்கத்திலும் ஓடவிட்டார்கள். சமதள ஓட்டத்தில் லாக்டேட் ஏறியது, பின்னர் வலி வரவில்லை. இறக்க ஓட்டத்தில் லாக்டேட் ஏறவே இல்லை, இரண்டு நாளில் கால்கள் நொந்தன. வெள்ளியங்கிரி மலை ஏறிவந்தவர்களுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. ஏறும்போது மூச்சு வாங்கும், தொடை எரியும். அதெல்லாம் உச்சியில் கொஞ்சம் உட்கார்ந்தாலே போய்விடும். மறுநாள் வீட்டு மாடிப்படியில் ஆளைத் தடுமாற வைப்பது, இறங்கியதன் பலன்.

தசைக் கிழிவு என்பது வேறு

இப்போது இரண்டாவது நிகழ்வு. கம்பியைத் தரையிலிருந்து எடுக்கிறீர்கள். பாதி வழியில் முதுகின் ஒரு பக்கம் ‘சுளீர்’ என்று வெட்டுகிறது. அல்லது பயிற்சி எல்லாம் முடிந்து, கீழே கிடக்கும் தண்ணீர் பாட்டிலை எடுக்க ஒரு பக்கமாகத் திரும்பிக் குனிந்த நொடியில். நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியும். இடத்தையும் பெரும்பாலும் விரலால் காட்ட முடியும். இது தசைக் கிழிவு. தசையின் நார்களோ, தசை தசைநாணோடு சேரும் இடமோ, தாங்கும் எல்லையைத் தாண்டி இழுபட்டுக் கிழிவது. தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டும் உறுதியான பட்டை. எலும்பையும் எலும்பையும் இணைக்கும் இணைப்புப் பட்டை கிழிவதுதான் கறாராகப் பார்த்தால் சுளுக்கு. கணுக்காலில் இரண்டையும் பிரிப்பது சுலபம், முதுகில் மிகக் கடினம்.

கிழிவை மூன்று நிலையாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் சில நார்கள் மட்டும் பாதிக்கப்படும், பலம் பெரிதாகக் குறையாது. இரண்டாம் நிலையில் கணிசமான நார்கள் கிழியும், பலம் குறையும். மூன்றாம் நிலை முழு அறுபடல். முதுகில் இது மிக அரிது. ஜிம்மில் நேர்வது பெரும்பாலும் முதல் நிலை.

அப்படியானால் சிறு கிழிவுக்கே ஏன் ஆள் நிமிர முடியாமல் கோணிக்கொள்கிறார்? அது கிழிவின் வேலை இல்லை. அடிபட்ட இடம் அசையாதபடி சுற்றியிருக்கும் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன. இதுதான் தசை இறுக்கம், ஊர்வழக்கில் ‘பிடிச்சுக்கிச்சு’. காயம் சிறிது, காவல் பெரிது. பல சமயம் வலியில் பெரும்பங்கு இந்தக் காவலால் வருவதுதான். சில நாட்களில் இறுக்கம் தளர்ந்ததும், ‘அவ்வளவு பெரிய அடி, எப்படி அதற்குள் சரியானது’ என்று ஆச்சரியப்படுகிறோம். நடுவில் யாராவது சுளுக்கு வழித்துவிட்டிருந்தால் புகழ் அவருக்குப் போய்விடும். கால் முதலில் வந்து பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் உண்டு. மென்மையாகத் தடவிவிடுவதில் தவறில்லை. புதிதாகக் கிழிந்த இடத்தை ஏறி மிதிப்பது மட்டும் வேண்டாம்.

முழுக் குனிவில் ஒரு விஷயம் இருக்கிறது, அது ஜிம் சுவரொட்டிகளில் வருவதில்லை. நின்ற நிலையிலிருந்து மெல்லக் குனியும்போது எரெக்டர் தசைகள் கடுமையாக உழைக்கின்றன என்று பார்த்தோம். ஆனால் குனிவின் கடைசிக் கட்டத்தில், உடல் தொங்கும் நிலைக்கு வந்ததும், அந்தத் தசைகளின் மின் செயல்பாடு சட்டென்று அடங்கிவிடுகிறது. பாரத்தை முதுகெலும்பின் பின்னுள்ள பட்டைகளும், நீட்டப்பட்ட திசுக்களும் ஏற்றுக்கொள்கின்றன. ஃபிளாய்ட், சில்வர் என்ற இரு ஆய்வாளர்கள் 1955இல் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். வெறும் உடம்போடு குனிந்தால் இதில் ஆபத்து ஒன்றுமில்லை. பெரிய பளுவோடு, களைத்துப்போன பின், அந்தக் கடைசிக் கட்டத்திலிருந்து வெடுக்கென்று நிமிரும்போது, ஓய்ந்திருந்த தசை திடீரென முழுப் பாரத்தையும் ஏற்க வேண்டியிருக்கிறது. முதுகுவலி உள்ள பலருக்குக் குனிவின் முடிவில் தசை இப்படி ஓய்வதே இல்லை. அது காவலை விடுவதில்லை.

ஆக, தாமதத் தசைவலி உழைப்பின் பின்விளைவு, கிழிவு ஒரு விபத்து. முதலாவது மறுநாள் வரும், பரவலாக இருக்கும், பெரும்பாலும் இருபக்கமும் இருக்கும். இரண்டாவது அந்த நொடியில் வரும், ஓரிடத்தில் இருக்கும், பெரும்பாலும் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. நொந்த தசையின் பலம் சில நாட்களுக்குக் குறைந்தே இருக்கும். ‘வலியோடு வலியாகச் செய்தால் சரியாகிவிடும்’ என்று அதே பளுவை இரண்டாம் நாள் தூக்குபவர் கிழிவுக்கு வழி செய்துகொடுக்கிறார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கீழ்முதுகில் திடீரென்று வரும் வலி தசையிலிருந்து வருகிறதா, பட்டையிலிருந்தா, சிறு மூட்டிலிருந்தா என்று பெரும்பாலான நோயாளிகளிடம் மருத்துவராலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. மருந்துச் சீட்டில் ‘தசைக் கிழிவு’ என்று எழுதியிருந்தால் அது பல சமயம் நல்ல ஊகம். அதனால் பெரிய நஷ்டமில்லை. மூன்றுக்கும் ஆரம்ப வாரங்களின் சிகிச்சை ஒன்றேதான்.

உடனே ஸ்கேன் எடுக்கலாமா?

ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் வேண்டாம். தாமதத் தசைவலியும் சிறு கிழிவும் எக்ஸ்ரேயில் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் தெரியும் மற்ற சங்கதிகள்தான் குழப்பம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த பல ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. டிஸ்க் என்பது முள்ளெலும்புகளுக்கு இடையே இருக்கும் மெத்தை போன்ற வட்டு. தலை நரைப்பதைப் போல அதுவும் வயதாகிறது. டெட்லிஃப்ட் செய்து முதுகைப் பிடித்துக்கொண்ட 35 வயதுக்காரர் ஸ்கேன் எடுத்தால், வலிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ‘டிஸ்க் பல்ஜ்’ (வட்டுப் பிதுக்கம்) அறிக்கையில் வந்து உட்கார நிறைய வாய்ப்பு உண்டு. அதைப் படித்த பிறகு அவர் குனியவே பயப்படுவார். அந்தப் பயம் வலியை நீட்டிக்கும்.

என்ன செய்தால் கேட்கும்?

படுக்கை ஓய்வு நம் வீடுகளில் முதல் வைத்தியம். அதை ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களிடம் சோதித்த ஆய்வு 1995இல் வெளியானது. திடீர் முதுகுவலி வந்தவர்களில் ஒரு குழு இரண்டு நாள் படுக்கையில் இருந்தது, ஒரு குழு முதுகுக்கான பயிற்சிகள் செய்தது, இன்னொரு குழு தாங்க முடிந்த அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தது. வேகமாகத் தேறியது மூன்றாவது குழு. வலி வந்த முதல் நாள் கொஞ்ச நேரம் படுத்திருப்பதில் தப்பில்லை. பிறகு எழுந்து நடக்க வேண்டும்: வீட்டுக்குள், தெருமுனை வரை, கடை வரை.

சூட்டு ஒத்தடம் நல்லது. அமெரிக்க மருத்துவர் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், திடீர் கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்பே சூட்டைத்தான் சொல்கிறது. ஐஸ் வைத்தால் இதமாக இருக்கிறது என்றால் வைக்கலாம். குணமாவதை அது வேகப்படுத்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற புகழ்பெற்ற சூத்திரத்தை 1978இல் எழுதிய மருத்துவர் கேப் மிர்கினே பின்னாளில் ஐஸ் குணமாதலைத் தாமதிக்கலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

தைலம்? 1893இல் பம்பாயில் பிறந்து பின்பு சென்னைக்காரராகிவிட்ட அமிர்தாஞ்சன் முதல் இன்றைய ஸ்ப்ரேக்கள் வரை, அவற்றில் உள்ள மென்தாலும் கற்பூரமும் தோலில் குளிர்ச்சியோ எரிச்சலோ உண்டாக்கி, மூளையின் கவனத்தை வலியிலிருந்து திருப்புகின்றன. கிழிந்த தசையைத் தைக்காது, ஆனால் இரவுத் தூக்கம் தரும். அதுவே பெரிய உதவிதான். தேய்த்த இடத்தில் சூட்டு ஒத்தடம் மட்டும் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

மாத்திரை விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. ஆஸ்திரேலியாவில் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட முதுகுவலிக்காரர்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், பாராசிட்டமால் சாப்பிட்டவர்கள் குணமாக ஏறத்தாழ 17 நாள் ஆனது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 16 நாள்! அதாவது மாத்திரை இல்லாமலும் பாதிப்பேர் இரண்டரை வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்; ஆனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கக்கூடியவை. வலி வராமல் தடுக்கலாம் என்று வொர்க்-அவுட்டுக்கு முன்பே போட்டுக்கொண்டு, வியர்த்து நீர் வற்றிய உடம்போடு பளு தூக்குவது மோசமான பழக்கம்.

பயிற்சிக்கு முன்னோ பின்னோ ஸ்ட்ரெச்சிங் செய்தால் தாமதத் தசைவலி வராது என்பதும் பரவலான நம்பிக்கை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், 100 புள்ளி அளவுகோலில் வலி சில புள்ளிகள் குறைந்தாலே அதிகம். உடம்பு வளையவேண்டும் என்று செய்பவர்கள் தாராளமாகச் செய்யலாம்.

காத்திருக்கக் கூடாத சில வலிகள்

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது இருந்தால் ஒத்தடம் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

ஆசனவாய், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, இரண்டு கால்களும் பலம் இழப்பது: தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகள் இவை. மணிக்கணக்கு முக்கியம்; அன்றே, அப்போதே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வலி பிட்டத்தைத் தாண்டி முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்வது போல இறங்கினால், பாதத்தில் மதமதப்பு இருந்தால், நரம்பு சம்பந்தப்பட்டிருக்கலாம். பாதத்தைத் தூக்க முடியாமல் போனால் தாமதிக்கக் கூடாது.

காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் இருந்தது, உயரத்திலிருந்து விழுந்தது, நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தது, படுத்தாலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் குறையாமல் இரவில் கூடும் வலி ஆகியவற்றுக்கும் மருத்துவர் பார்க்க வேண்டும். விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் அலை அலையாக வந்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். மேல்முதுகு வலியோடு நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை சேர்ந்தால் அதை வாயு என்று நினைத்துச் சோடா குடிக்காதீர்கள், இதயமாக இருக்கலாம்.

புதிதாக ஜிம் போகிறவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. பயிற்சி செய்த ஓரிரு நாளில் தசை மிகவும் வீங்கி, கை கால் மடக்க முடியாமல் வலித்து, சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால், ஏராளமான தசைநார்கள் சிதைந்து அவற்றின் உள்ளடக்கம் இரத்தத்தில் கலந்திருக்கிறது என்று பொருள். இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். முதல் நாளிலேயே நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் போடவைக்கும் ‘சேலஞ்ச்’களுக்குப் பிறகு இது வருவதுண்டு.

திரும்பப் பளுவுக்கு

தாமதத் தசைவலி என்றால் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. நொந்த தசைக்கு இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு வேறு பகுதிக்கு வேலை கொடுக்கலாம், நடக்கலாம், நீந்தலாம். அதே பயிற்சிக்குத் திரும்பும்போது பளுவோடு எண்ணிக்கையையும் குறைப்பது முக்கியம், ஏனென்றால் எத்தனை முறை இறக்குகிறோம் என்பதும் நோவைத் தீர்மானிக்கிறது.

முதல் நிலைக் கிழிவு என்றால் ஒன்றிலிருந்து மூன்று வாரம், இரண்டாம் நிலை என்றால் ஒரு மாதத்துக்கும் மேல் ஆகலாம். நாட்காட்டியைவிட உடம்பு காட்டுவதை நம்பலாம். நிமிர்ந்து நடக்க வலி இல்லை, செருப்பு வாரைக் குனிந்து மாட்ட முடிகிறது, இருமினால் தும்மினால் வெட்டு இல்லை என்ற நிலைக்கு வந்ததும் வெறும் உடம்பிலேயே இடுப்பிலிருந்து மடிந்து குனியும் அசைவைப் பழகிவிட்டு, பிறகு பழைய பளுவில் பாதிக்கும் குறைவாகத் தொடங்கலாம். செய்யும்போது பத்துக்கு மூன்றுக்கு மேல் வலி போகக் கூடாது. மறுநாள் காலையில் முந்தைய நாளைவிட மோசமாக இருக்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் அடுத்த வாரம் கொஞ்சம் ஏற்றலாம். கம்பியைத் தரைக்குத் தடாலென்று போடாமலும், ஐந்து விநாடி இழுத்து இறக்காமலும், இயல்பான வேகத்தில் இறக்குவது முதல் சில வாரங்களுக்குப் போதும். மெதுவான நெகட்டிவ்களை முதுகு மறுபடி பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.